நாலு பேர் சாப்பாட்டுத் திட்டம்

‘சேமியுங்கள்’ என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். என்னைச் சேமிக்கச் சொல்பவனுக்கு அதில் என்ன லாபம் என்று தெரியாமல் அடுத்த வரியைப் படிக்க என்னால் முடியாது. தொழில் அப்படி. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பயணப்படி பில்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான். மாதத்தில் மூன்று முறை புதுச்சேரிக்குப் போனதாக எழுதுகிறவர் ஒரு முறையாவது போனாரா என்று பேருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. நான் தராசைப் பார்க்கிற பார்வையில் காய்க்காரரே ஒரு கத்திரிக்காயைக் கூடுதலாகப் போட்டுவிடுவார்.

அதனால் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க் போவது என்று முடிவானதும், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று ஆராயும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணமும் என்னுடையதுதான். அகவிலைப்படி பாக்கி மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். கணவர், மாமனார், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பெரியவள், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த சின்னவள், அப்புறம் நான். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதம் அது. கணவருக்கும் மாமனாருக்கும் வயலில் வேலை இல்லை. இப்போது போகாவிட்டால் எப்போதும் போக மாட்டோம் என்று பெண்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் என் காதைத் தின்றார்கள்.

எனக்கு ராட்டினத்தில் ஏறும் ஆசை எல்லாம் இல்லை. இருந்தது வேறு ஆசை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சமைக்காமல், பரிமாறாமல், எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். வீட்டில் அது நடப்பதில்லை. முதலில் மாமனார், அடுத்து கணவரும் பெண்களும், கடைசியில் பாத்திரத்தை ஒழிக்கும்போது நான். சட்டியில் இருப்பதைப் பொறுத்து என் பசி கூடும், குறையும். யாரும் இப்படி விதி போடவில்லை. ஆசையை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் ‘ஒன்னை யாரு ஒக்கார வேணாம்னது’ என்பார்கள்.

பெரியவள் கைப்பேசியில் அந்தத் திட்டத்தைக் காட்டினாள். முன்கூட்டியே பணம் கட்டினால் நாலு பேருக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலச் சிற்றுண்டி, இரவு டிபன், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு எழுநூற்றைம்பது. பக்கத்திலேயே சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், முன்னால் புகை பறக்கும் தட்டுகள். இவ்வளவு சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்தாலே எனக்கு நம்பிக்கை போய்விடும்.

பழைய பில் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன். அங்கேயே தனித்தனியாக வாங்கினால் மதியச் சாப்பாடு முந்நூற்று இருபது, சிற்றுண்டி நூற்று நாற்பது, இரவு டிபன் இருநூற்று நாற்பது. ஆளுக்கு எழுநூறு. நாலு பேருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. திட்டத்தில் போனால் நானூறு மிச்சம். ஐந்தாவது ஆளுக்கு மட்டும் தனியாக வாங்குவதைவிட ஐம்பது ரூபாய் கூட. ஆக, நாலு பேர் வரைக்கும் சர்க்கரை, ஐந்தாவது ஆளிடம் பிடுங்கல். பார்த்தாயா என்று எனக்குள் ஒரு திருப்தி. ஆனால் அந்த நானூறு ரூபாயை அவர்கள் எதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

பார்க்குக்கே போன் செய்து கேட்டேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள். கட்டிய பணம் திரும்ப வராது என்பதை மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் சொன்னாள். சாப்பிடாத வேளைக்கு ஏதாவது கழித்துத் தருவீர்களா என்றேன். “அன்லிமிடெட் ஜூஸ் இருக்கு மேடம்” என்றாள். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. அலுவலகத்தில் இப்படிப் பதில் எழுதுகிறவர்களின் பில்லை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்று அரிசி களையும்போதுதான் அந்த லாபம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. நாலு பேருக்குக் கட்டிய சாப்பாட்டை எந்த நாலு பேரும் முழுதாகச் சாப்பிட மாட்டார்கள். அதுதான் விஷயம். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனாருக்கு இரவில் இரண்டு இட்லி தாண்டாது. பெரியவள் சோற்றைப் பார்த்தாலே ஏதோ பூச்சியைப் பார்த்த மாதிரி ஒதுக்குவாள். சின்னவள் ஐஸ்கிரீமில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து தட்டை அளைவாள். நாம் பணம் கட்டிவிட்டு மிச்சம் வைப்போம், அவர்கள் மிச்சத்தில் மாளிகை கட்டுவார்கள்.

இதை முறியடிக்கும் வழியும் உடனே தோன்றியது. நாலு பேருக்கு மட்டும் திட்டம் வாங்குவது. அவர்கள் வைக்கும் மிச்சத்தைச் சாப்பிட ஒரு ஆள். அந்த ஆள் நான். திட்டத்தில் நானூறு, என் சாப்பாட்டில் எழுநூறு, மொத்தம் ஆயிரத்து நூறு ரூபாய் லாபம். இத்தனை பெரிய பார்க்கை ஒரு குமாஸ்தா மடக்கிவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கூடத்தில் கணக்கை வாசித்துக் காட்டினேன். பெண்கள் தலையாட்டினார்கள். மாமனார் தொலைக்காட்சியில் ஒரு கண் வைத்தபடி, “சரியா வரும்மா” என்றார். கணவர் மட்டும் முழுதாகக் கேட்டார். “ஒன்ன எவனும் ஏமாத்த முடியாது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அப்படியெல்லாம் எளிதில் சொல்லிவிட மாட்டார்.

நிபந்தனைகளைப் படிக்காமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு நிபந்தனைகளையும் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் அச்செடுத்து, அடிக்கோலை வைத்து வரி வரியாகப் படித்தேன். பதினான்காவது நிபந்தனை, ‘உணவைப் பகிர அனுமதி இல்லை’. சிவப்பு மையில் டிக் போட்டேன். இரண்டு குடும்பம் சேர்ந்துகொண்டு ஒரு தட்டை வாங்கிப் பங்கு போடுவதைச் சொல்கிறார்கள், நியாயம்தானே என்று நினைத்தேன். புருஷனும் பிள்ளைகளும் வைத்த மிச்சத்தை வீட்டுக்காரி சாப்பிடுவது பகிர்வு என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அதைப் பகிர்வு என்று சொல்ல மாட்டாள். அது பாத்திரம் ஒழிப்பது.

குறித்த நாளில் வாடகைக் காரில் கிளம்பினோம். காலை டிபன் திட்டத்தில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் முன்னால் எழுந்து இட்லி அவித்து, மிளகாய்ப் பொடியில் எண்ணெய் குழைத்துத் தடவி எடுத்துக்கொண்டேன். சிதம்பரம் தாண்டி ஒரு புங்கமர நிழலில் காரை நிறுத்தி நாலு பேருக்கும் டிரைவருக்கும் கொடுத்தேன். டிரைவர் நன்றாகச் சாப்பிடுகிறவர். எனக்கு இரண்டு வந்தது. பரவாயில்லை, மதியம் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க் வாசலில் நாலு பேர் மணிக்கட்டிலும் சாப்பாட்டுத் திட்டத்துக்கான ஆரஞ்சு நிறக் காகித டேக் ஒன்றைச் சுற்றி ஒட்டினார்கள். மாமனார் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். உள்ளே போனதும் என் வேலையைத் தொடங்கினேன். அன்லிமிடெட் ஜூஸ் என்றார்களே, டம்ளரில் முக்கால் பங்கு ஐஸ். சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான், அதுவும் பார்க்கின் கடைக்கோடியில். அங்கே நடந்து வர அலுத்துப்போய் எத்தனை பேர் வழியிலேயே எதையாவது காசு கொடுத்து வாங்கித் தின்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பெண்கள் தண்ணீரில் சறுக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் செருப்புகளைக் காத்துக்கொண்டு நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். கண்ணாடிச் சுவர், உள்ளே ஏசி, சாம்பார் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் ஒவ்வொருவர் கையாகப் பார்த்து உள்ளே விட்டாள். நாலு பேர் போனார்கள். என் கையைப் பார்த்தாள்.

“டேக் எங்க மேடம்?”

“எனக்கு எடுக்கல. நான் சும்மா அவங்களோட ஒக்காந்துக்குறேன்.”

“டேக் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது மேடம். அந்தப் பக்கம் கவுண்டர் இருக்கு, வாங்கி வெளில பெஞ்சுல ஒக்காந்து சாப்புடலாம்.”

“அவங்க மிச்சம் வைக்கிறதத்தாம்மா நான் சாப்புடப் போறேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் மாறிவிட்டது. என் பின்னால் நின்ற குடும்பத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அப்படியெல்லாம் விட மாட்டாங்க மேடம்” என்றாள். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பில் குமாஸ்தாவாகப் பதினெட்டு வருஷத்தில் என்னைப் பயந்து பார்த்திருக்கிறார்கள், வைது பார்த்திருக்கிறார்கள். அப்படி யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போன கணவர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். “சரி, நீ பெறவு ஏதாவது வாங்கிச் சாப்புட்டுக்க. அப்பாவுக்குப் பசி தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது. முதல் தடவையாக அவர்கள் சாப்பிடுவதை நான் வேலையில்லாமல் பார்த்தேன். பெரியவள் அப்பளத்தை உடைத்து ஓரமாக வைத்தாள். மாமனார் ரசத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி வலது பக்கம் பார்த்தார். வீட்டில் அந்த நேரத்தில் நான் அங்கேதான் மோர்ச் செம்போடு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் பெரியவள் எழுந்து வேகமாக வெளியே வந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“அம்மா, தாத்தா மாத்திரை ஒன் பையிலயா இருக்கு?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினாள். நீ சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. பார்க் மேல் வந்த கோபம் இல்லை அது. வீட்டுக் கூடத்தில் அந்தக் கணக்கை வாசித்தபோது இவர்கள் நாலு பேரும் கேட்டார்கள். ஐந்து பேர் போகிறோம், நாலு தட்டு வாங்குகிறோம் என்று சத்தமாகச் சொன்னேன். அப்போது ஒருவராவது ‘ஒனக்கு?’ என்று கேட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. பேருந்துச் சீட்டில் தேதி அழிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் வீட்டு மனிதர்களை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதைவிட மோசம், யாரும் கேட்கவில்லை என்பதே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாவது தட்டை வெட்டியது நானேதான். எந்தக் கம்பெனிக்காரனும் இவ்வளவு சுத்தமாக என்னை ஏமாற்றியிருக்க மாட்டான்.

கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்தவன் எத்தனை பேருக்கு என்று கேட்டான். ஒருத்திக்கு என்றேன். முந்நூற்று இருபது ரூபாய் கொடுத்து முழுச் சாப்பாடு வாங்கினேன். பூரி ஒன்று, சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், இரண்டு பொரியல், அப்பளம், பாயசம். தட்டு கனமாக இருந்தது. பெஞ்சில் வைத்து முதல் வாயிலிருந்து ஆரம்பித்தேன். சாம்பாரில் உப்பு தூக்கல், வத்தக்குழம்பு புளிப்பு போதாது. ஆனால் எல்லாம் சூடாக இருந்தன. அப்பளம் நமுக்காமல் நொறுங்கியது. பொரியலில் தாளித்த உளுந்து இருந்தது. வீட்டில் என் பங்குக்கு வரும்போது அது சட்டியின் அடியில் ஒட்டிக் கருகியிருக்கும்.

பாதியில் இருக்கும்போது நாலு பேரும் வந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார இடம் இல்லாததால் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் சாப்பிட, அவர்கள் நின்று பார்ப்பது எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. கணவர் கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். சாம்பார் சோறு முடிந்து வத்தக்குழம்பு, அது முடிந்து ரசம். சோறு தீர்ந்துவிட்டது. எனக்கு இன்னும் பசித்தது.

சின்னவள்தான் கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியத்தோடு.

“அம்மா, நீ இவ்ளோ சாப்புடுவியா?”

அவளுக்குப் பதினான்கு வயது. “எனக்கே இப்பதான் தெரியுது” என்றேன். பெரியவள் தன் கையில் இருந்த ஆரஞ்சு டேக்கைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“மோருக்குச் சோறு வேணும். வாங்கிட்டு வாங்க” என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் கவுண்டருக்கு மேலே இருந்த விலைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். “சோத்துக்குத் தனியா நாப்பது ரூவா போட்டுருக்கான்” என்றார். என்னிடமிருந்தே கற்ற பழக்கம்.

“போட்டுருக்கட்டும்” என்றேன்.

அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் போய்க் கடைசியில் நின்றார். நான் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.