பர்மிட்டில் முதல் பேர் சாமி பேர்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அதுவே பெரிய படிப்பு. கடுதாசி வந்தால் படித்துச் சொல்ல, தாலுக்கா ஆபீசுக்கு மனு எழுத, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் பாண்டிச்சேரிக்குப் போகிற பர்மிட்டு லிஸ்டையும் நானே எழுதும்படி ஆயிற்று.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நமக்கெல்லாம் சுதந்திரம் வந்துவிட்டது, பாண்டிச்சேரி மட்டும் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு நாள் நடை. எங்கள் முருகன் வருஷா வருஷம் மாசி மகத்துக்குப் பாண்டிச்சேரிக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வருவார். சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகள் எல்லாம் அங்கே வந்து வரிசையாக நிற்பார்கள். அது வேறு நாடு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பெண் கொடுத்தது அங்கே, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்றது அங்கே, பல் பிடுங்கிக்கொண்டதும் அங்கேதான்.

திடீரென்று, பர்மிட்டு இல்லாமல் ஒருவனும் எல்லை தாண்டக்கூடாது என்று சட்டம் வந்தது. கள்ளக்கடத்தல் நடக்கிறது, இங்கே கேசில் மாட்டினவன் அங்கே ஓடிப்போய் ஒளிகிறான், நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். பாதுகாப்பு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் சிக்கினவன் கடத்தல்காரன் இல்லை, எங்களைப் போன்றவர்கள்தான்.

பர்மிட்டுக்காக நான் இரண்டு தடவை விழுப்புரம் போனேன். அங்கே ரயில் மாறிப் பாண்டிச்சேரி போகிற ஜனங்கள் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருப்பார்கள். வடக்கேயிருந்து கடல் பார்க்க வந்த ஒரு குடும்பம், பர்மிட்டு வேண்டும் என்பதே தெரியாமல் வந்து, மூன்று நாள் அந்தப் பிளாட்பாரத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியது. அந்த அம்மாள், "கடலைக் கண்ணால பாக்கறதுக்குக்கூடவா சீட்டு?" என்று என்னைக் கேட்டாள். நான்தான் சட்டம் போட்டவன் மாதிரி எனக்குத் தலை குனிந்தது. ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர்கள் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். "பாண்டி சவாரி படுத்துக்கிச்சி, ஒரே பேஜாரு" என்றார் ஒருவர்.

லிஸ்டு எழுதின கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எதை எழுதினாலும் சாமி பேரைத்தான் முதலில் எழுதுவோம். களத்தில் நெல் அளந்தால் முதல் மரக்கால் சாமிக்கு. சுண்டல் கொடுத்தால் முதல் தொன்னை சாமிக்கு. கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் பட்டியல் எழுதினாலும் முதல் பேர் அவர் பேர்தான், நம் பேரெல்லாம் அதற்குக் கீழேதான். பர்மிட்டு மனுவில் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், அங்க அடையாளம் என்று கட்டம் போட்டிருந்தது. நான் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் கட்டத்தில் முருகன் என்று எழுதினேன். தகப்பனார், சிவபெருமான். வயதுக்கு ஒரு கோடு போட்டேன். தொழில், அருள்பாலித்தல். அடையாளம், வலது கையில் வேல். அதற்குக் கீழே என்னையும் சேர்த்துச் சாமி தூக்குகிற பதினாறு பேர், மேளக்காரர் நால்வர், பூசாரி, தர்மகர்த்தா. விளையாட்டுக்கு எழுதவில்லை. போகிறவர்கள் பேரை எழுது என்றார்கள். போகிறவர் அவர். நாங்கள் கூடப் போகிறவர்கள்.

ஆபீசில் குமாஸ்தா கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். "இருபத்துமூன்று நபர்கள்" என்று எழுதி முத்திரை குத்தினார். நானும் சந்தோஷமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மகத்தன்று காலை பத்து மணி சுமாருக்குக் கோட்டக்குப்பத்தைத் தாண்டி எல்லைச் சாவடிக்கு வந்து சேர்ந்தோம். ரோட்டின் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை. அதற்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் மற்றச் சாமிகளின் மேளம் கேட்கிறது. உச்சிப்பொழுதுக்குள் தீர்த்தவாரி முடிய வேண்டும், அதோடு மகம் போய்விடும் என்று பூசாரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாவடி அதிகாரி தெற்கத்தி ஆள், வாலிப வயசு. பல்லக்கைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு லிஸ்டைக் கையில் எடுத்தார்.

"முருகன், தகப்பனார் சிவபெருமான். யாருய்யா அது? முன்னால வா."

தவில்காரர், "அவரு நடக்க மாட்டாருங்க. நாங்கதான் தூக்கிக்கினு வந்திருக்கோம்" என்றார்.

"நடக்க முடியாதவனை எதுக்கய்யா இம்புட்டு தூரம் இழுத்துக்கிட்டு வர்றீங்க?"

எல்லோரும் பல்லக்கைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். சாமி கையிலிருந்த வேலைப் பார்த்தார், லிஸ்டில் தொழில் கட்டத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது.

"யார் எழுதினது?"

"நான்தாங்க."

"இங்க பாருய்யா. உள்ள போற தலை எத்தனையோ அத்தனையும் திரும்பி வரணும். தாள்ல இருபத்துமூணு. நிக்கிறது இருபத்திரண்டு. அந்த மிச்சம் ஒரு பேர்ல நாளைக்கு எவனாவது கொலைக் கேசுக்காரன் தாண்டிப் போயிட்டா என் வேலை போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உடனே வழியும் சொன்னார். "மொத வரியை அடிச்சிடு. ஓரமா, தவறுதலாக எழுதிவிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இருபத்திரண்டுன்னு திருத்தித் தர்றேன். அஞ்சு நிமிஷ வேலை."

பேனாவை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வரியின் மேல் முள்ளை வைத்தும் விட்டேன். இழுக்க முடியவில்லை.

எங்கள் தர்மகர்த்தா எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. பின்னாலிருந்து கத்தினார். "அடிச்சுத் தொலையேன்டா! நேரம் ஆவுது இல்ல?"

"அண்ணே, தவறுதலா எழுதிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்றாருங்க. சாமி நம்மகூட வரலன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் யாரைத் தூக்கிக்கினு போறது?"

"தாள்ல தானடா? சாமி என்ன கோவிச்சுக்குமா?"

"சாமி கோவிச்சுக்காது. அடிக்க என்னாலதான் ஆவாது."

"படிச்சவன் புத்தியக் காட்டறான் பாரு!" என்றார் தூக்குகிறவர்களில் ஒருவர். "இவன்கிட்ட லிஸ்டு எழுதக் குடுத்ததே தப்பு" என்றார் இன்னொருவர். பூசாரி வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு ரொம்பச் சுட்டது. நினைவு தெரிந்து ஒரு மகத்துக்கும் எங்கள் சாமி கடலாடாமல் திரும்பினது கிடையாது. திரும்பினால் அந்தப் பாவம் என் ஒருவன் தலையில்தான். பேனாவை அதிகாரியிடம் நீட்டினேன்.

"வேற என்ன வேணா எழுதித் தரேங்க. இவரு வந்திருக்காருன்னு நூறு தடவை எழுதித் தரேன். வரலன்னு எழுத மாட்டேன்."

"அப்ப கட்டை எழும்பாது" என்றார் அவர்.

கோட்டக்குப்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், வருஷா வருஷம் எங்கள் சாமி வருகிற நேரத்துக்குத் தன் கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைத்துக் காத்திருப்பார். சத்தம் கேட்டு அவரும் வந்து நின்றிருந்தார். தர்மகர்த்தாவிடம் சொன்னார்: "ஏன் அண்ணே, இந்தப் பக்கமும் கடல்தான இருக்குது? எங்க தெரு வழியா வாங்க. ஜல்தி போனா கால் மணி நேரம்."

"பாய், மத்த சாமியெல்லாம் அங்க காத்துக்கினு இருக்கும். எங்க சாமி மட்டும் தனியாவா?"

"தனியா எப்பிடி? நீங்க இருபத்திரண்டு பேரு இருக்கீங்க, நான் இருக்கேன்."

தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். "ஏன்டா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு கோடு. இழுத்தா ஊரோட ஊரா அங்க நிக்கலாம்."

"கோடு இழுக்க மாட்டேண்ணே. திருப்புங்க பல்லக்கை" என்றேன். எனக்கு மூத்தவர்கள் முன்னால் நான் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

திருப்பினார்கள். கோபத்தோடுதான் திருப்பினார்கள். பாய் முன்னால் நடந்து, தெருவில் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடிகளையெல்லாம் கையால் உயர்த்திப் பிடித்தார். பெண்கள் கதவோரத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதிகாரி, நாங்கள் தண்ணீர் வழியாக அந்தப் பக்கம் போய்விடுவோமோ என்று ஒரு காவல்காரரைப் பின்னால் அனுப்பியிருந்தார். அவர் பூட்ஸ் காலோடு மணலில் திணறிக்கொண்டு வந்தார்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த செம்படவர்கள் வலையைச் சுருட்டி இடம் விட்டார்கள். பூசாரி மந்திரம் சொல்ல, சாமியோடு நாங்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். தெற்கே பார்த்தால் அந்தக் கூட்டம் தெரிந்தது. குடைகள், பல்லக்குகள், கரை நிறைய ஜனம். எங்கள் பக்கம் நாலு மேளம். மூன்று முழுக்கு. முதல் முழுக்கில் என் மனசு கேட்டது, இது பக்தியா, வீம்பா என்று. இரண்டாவது முழுக்கில் பதில் சொன்னேன், இரண்டும்தான் சாமி, இரண்டையும் எடுத்துக்கோ என்று. மூன்றாவதில் ஒன்றும் நினைக்கவில்லை. அலை அடித்து வாயெல்லாம் உப்பு.

கரையேறினபோது நிழல் காலடிக்குள் இருந்தது. மகம் போவதற்குள் முடித்துவிட்டோம். காவல்காரர் ஓரமாக நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பூசாரி அவர் நெற்றியிலும் விபூதி வைத்தார்.

ஆனால் ஊர்க்காரர்கள் மன்னிக்கவில்லை. சாமி தூக்குவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மைல்கல்லுக்கு மைல்கல் ஆள் மாற்றுவோம். எட்டுப் பேர் சுமப்பார்கள், எட்டுப் பேர் வெறுங்கையாக நடப்பார்கள். திரும்பும்போது முதல் மைல்கல்லில் ஏழு பேருக்கு ஆள் வந்தது. நான் சுமந்த பல்லக்குக் கொம்புக்கு வரவில்லை. இரண்டாவது கல்லிலும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று. கொம்பு ஈரத் தோளில் உப்போடு அறுத்தது. நானும் கேட்கவில்லை.

ஐந்தாவது கல் தாண்டினதும் தர்மகர்த்தா என் பக்கத்தில் வந்து நடந்தார்.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. சாமி காதுகிட்ட நிக்கிற."

"வலிக்குது. ஆனா மாத்திக்க மாட்டேன்."

"யாரு மாத்தறேன்னா? தூக்கிக்கினு வா" என்றார். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து, என் தோளுக்கும் கொம்புக்கும் நடுவே செருகிவிட்டு முன்னால் போனார்.