இரண்டும் மூன்றும் காலியாக இருந்த கேபிள்

எங்கள் தொழிலில் ஒரு பொருள் மேசைக்கு வரும் முன்பே அதன் கோளாறு என்னவென்று சொல்லிவிடுவோம். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து கோளாறு அது இல்லை என்று கண்டுபிடிப்போம். எதையாவது திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிற என் சக பாவிகளுக்கு இது தெரியும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில், எனக்கும் பிஜுவுக்கும் கூட்டாக ஒரு சர்வீஸ் கடை. அங்கே ஒரே நாளில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ரப்பர் பேண்ட் போட்ட கால்குலேட்டர்

கோமதி ரோடு போடும் வேலையில் சர்வேயர். அவர் கொண்டுவந்தது வரைபடம் போட்டுக்காட்டும் பெரிய கால்குலேட்டர். பேட்டரி ஒழுகி உள்தகடுகள் அரித்துப்போய், ரப்பர் பேண்ட் இறுக்கிச் சுற்றினால்தான் உயிர் வரும் என்கிற நிலை. தகட்டை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியையும் கழற்ற வேண்டும். அதைக் கழற்றினால் நினைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதில் இருந்ததோ, மலை ரோட்டு வளைவுகளுக்குக் கணக்குப் போட அவரே எழுதி, பன்னிரண்டு வருஷமாக வெயிலில் நின்று திருத்திவந்த புரோகிராம்கள். நகல் வைத்திருந்த லேப்டாப் செத்துப்போயிருந்தது.

ஆகவே முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கேபிளும் வைத்திருந்தார். ஒரு முனையில் ஒன்பது கால் சீரியல் பிளக், மறுமுனையில் இயர்போனுக்கு வருவது போல ஒரு சின்ன பின், நடுவில் கையால் சால்டர் வைத்த தீப்பெட்டி அளவு போர்டு. அந்தப் பிளக்கைச் செருக இடமுள்ள பழைய கம்ப்யூட்டர் எங்கள் கடையில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அவர் வித்துரா மலை ரோட்டில் வளைவுக்குக் குறி போட்டாக வேண்டும். நான் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று அலட்சியமாகச் சொன்னேன். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அவர் சொன்னது: "மெஷின் போனா போட்டும் சார். உள்ள இருக்கறது எனக்குத் திரும்பக் கிடைச்சா மதி, அது போதும்."

நான் செய்த திருத்தம்

செருகிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு அசைவும் இல்லை. ஒன்பது கால் பிளக்கைத் திறந்தேன். சீரியல் என்றால் தகவல் போய்வருவது இரண்டாம் காலிலும் மூன்றாம் காலிலும். முப்பது வருஷமாக எனக்கு அதுதான் வேதம். இந்தக் கேபிளில் இரண்டும் மூன்றும் காலி. அதற்குப் பதிலாக, எர்த் வயர் போக, நாலு, ஆறு, ஏழு, எட்டில் வயர்கள். அவை ‘தயாரா’, ‘அனுப்பலாமா’ என்று குசலம் விசாரிக்கிற கால்கள்தான். போதாக்குறைக்கு போர்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க பேட்டரியும் இல்லை, அடாப்டரும் இல்லை.

எந்த அறிவாளி செய்தது என்று சத்தமாகவே சிரித்தேன். நாலு வயரையும் கழற்றி, இரண்டை இரண்டிலும் மூன்றிலும் வைத்தேன். மிச்ச இரண்டை டேப் சுற்றி ஒதுக்கினேன். அப்போதும் அசைவில்லை. டீ குடித்துவிட்டு வந்த பிஜு மேசையைப் பார்த்தான். நாலு வயரும் ஒரே சாம்பல் நிறம். அவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, எந்த வயர் எதுல இருந்துச்சுன்னு எழுதி வெச்சிட்டுண்டோ?"

பிஜு வரைந்த படம்

அவன் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் ஒரு பேப்பரைத்தான் எடுத்தான். நான் மீட்டர் வைத்து எதிலிருந்து எதற்குப் போகிறது என்று சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். படம் முடிந்ததும் இரண்டு பேரும் அதன் மேல் குனிந்தோம்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றா கேட்டேன்? அந்தக் குசலம் விசாரிக்கிற கால்களிலிருந்தேதான். கம்ப்யூட்டர் தன் பங்குக்கு இரண்டு கால்களில் வோல்டேஜ் வைத்திருக்கிறது. இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு ஒருவழி டயோடு மூலம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது சர்க்யூட். சேதி அனுப்ப ஒரு கால் இறங்கினால் மற்றது தாங்கும். கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இறக்கும் என்பதால் கரண்ட் நிற்கவே நிற்காது.

கால்குலேட்டர் பக்கம் இருப்பது இரண்டே கம்பிகள். பூஜ்யம் என்றால் ஒன்றை இறக்கு, ஒன்று என்றால் மற்றதை இறக்கு. கேட்பவர் மிச்சமுள்ள கம்பியை இறக்கி ‘கிடைத்தது’ என்கிறார். பிறகு இருவரும் விட்டுவிடுகிறார்கள். வேகம் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் ஒன்றும் தவறாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிக்கனமான ஒரு மூளையை என் மேசையில் பார்த்ததில்லை. பிஜு பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "இதை உண்டாக்கின ஆளைக் கண்டா தொழணும், கேட்டோ."

நாலு மணி

டயோடுகளை வைத்து, எந்த இரண்டு வயர் அனுப்புகிறவை, எந்த இரண்டு வாங்குகிறவை என்று பிரித்துவிட்டோம். அதற்கு மேல் எது நாலு, எது ஏழு என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்துப் பார்க்கலாம் என்றேன். பிஜு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கோமதி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து. கேபிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு சொன்னார்: "காலேஜ்ல எங்க லேப் சாரும் இப்படித்தான், தப்புன்னு சொல்லி ரெண்டுலயும் மூணுலயும் மாத்தி வெச்சார். அன்னைக்கே எந்த வயர் எங்கன்னு மனப்பாடம் பண்ணிட்டேன்."

அடாப்டர் வைக்காத காரணம்

செய்தவரே அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிஜு நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டான். தனியாக ஒரு அடாப்டர் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்குமே, ஏன் இவ்வளவு யோசித்தீர்கள் என்று கேட்டேன். வயரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "ஹாஸ்டல் ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயின்ட் சார். லேப்டாப் சார்ஜ் பண்றதே வரிசையில நின்னு. இதுக்கும் ஒரு அடாப்டர்னா யாரு விடுவா?"

கடைசிக் கோளாறு

நாலு வயரும் பழைய இடத்துக்குப் போன பிறகும் அசைவில்லை. கோமதியின் முகம் வெளுத்தது. என் முகம் எப்படி இருந்ததென்று தெரியாது. பிஜு மட்டும் மறுமுனையில் இருந்த சின்னப் பின்னை விரலால் லேசாக வளைத்தான். உறைக்குள் கம்பி விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து கோளாறு அவ்வளவுதான். அந்த முனையைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அதை ஒட்டியதும் புரோகிராம்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு வந்தன. கோமதி எண்ணிப் பார்த்துச் சரி என்றார். பொத்தான் பேட்டரியைக் கழற்றித் தகட்டை மாற்றி மறுபடி உயிர் கொடுத்தபோது, நினைவு காலி என்று காட்டியது திரை. எதிர்பார்த்ததுதான். அதே கேபிள் வழியாக எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினோம். அவர் ஒரு வளைவின் அளவுகளை அடித்தார். வந்த விடையைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

இதே மாதிரி ஒன்று எனக்கும் செய்துகொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டேன். கால்குலேட்டரைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தாராளமா பண்ணுங்க சார். வயர் மட்டும் நாலு கலர்ல போட்டுக்கோங்க."

வாடிக்கையாளருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிற நாட்களில்தான் எங்கள் கடையில் வேலை ஒழுங்காக நடக்கிறது.