அசகேல் ப்ரூயிட்டின் பன்றிக் குறி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டன்மோர் மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் ப்ரூயிட்டுக்கு, அறுபத்தொரு வயதில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. முன்னோடிக் குடும்பச் சங்கத்தின் செப்டம்பர் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பதினோரு வருஷமாக அந்த விருந்துக்கு ஆப்பிள் பை என்னும் பழப் பண்டத்தைச் சுட்டுப் பரிமாறியவர் அவர்தான். சாப்பிட்டது மட்டும் தேவாலயத்துச் சமையலறையில், நின்றபடி.

உறுப்பினர்களுக்குத்தான் பந்தியில் இடம்; சங்கத்தில் சேரும் விதி எளிமையானது. 1850க்கு முன்பே மூதாதை இங்கே குடியேறியதற்கு ஒரு காகிதம் வேண்டும். அதற்கும் முன்பு காலங்காலமாக இங்கே வாழ்ந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. அவர்கள் காகிதம் வாங்கி வைக்கத் தவறிவிட்டார்கள் போலிருக்கிறது.

டார்லீனின் எள்ளுத்தாத்தா அசகேல் ப்ரூயிட்டுக்கும் காகிதத்துக்கும் ஆகாது. கல்லறையில் இறந்த வருஷம் மட்டும் இருந்தது. பிறப்பு இறப்பெல்லாம் குறித்துவைத்த குடும்ப பைபிளைக் கன்சாஸுக்குக் கொண்டுபோன அத்தை ஒருத்தி திரும்பவே இல்லை. 1850 குடிக்கணக்கிலும் ஆளைக் காணோம். கணக்கெடுக்க வந்தவரைப் பார்த்ததும் சோளக்காட்டுக்குள் புகுந்திருப்பார் என்பது டார்லீனின் ஊகம்.

நீதிமன்றத்து நிலவறையில் மூன்று கோடை விடுமுறைகளைக் கழித்த பிறகு, ஆவண அறை எழுத்தர் ரோண்டா ஒரு பழைய பதிவேட்டைத் தூக்கிவந்து போட்டார்.

"இதை யாரும் தொடுறதே இல்ல. பன்னிக் காது."

அந்நாளில் பன்றிகளைக் காட்டில் மேயவிடுவார்கள். யாருடையது என்று தெரியக் காதில் வெட்டி, வெட்டிய விதத்தை நீதிமன்றத்தில் பதிவார்கள். 1849 மார்ச் ஆறாம் தேதி அசகேல் பதிந்திருந்தார்: இடது காது, நுனி முழுவதும் வெட்டு.

டார்லீனுக்குக் கண் கலங்கியது. ரோண்டாவின் விரல் ஒரு வரி மேலே ஏறியது.

"இங்க பாருங்க. இதுக்கு மூணு வாரம் முன்னாடி எபனேசர் ஸ்டக்கி பதிஞ்சது. இடது காது நுனியில சின்னதா ஒரு கீறல்."

"அதுக்கென்ன?"

"நுனியையே வெட்டிட்டா கீறல் எங்க இருக்கும்?"

டார்லீன் இரண்டு வரிகளையும் மறுபடி படித்தார். பிறகு, "அடப்பாவி மனுஷா" என்றார், ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக.

ஸ்டக்கி என்றால் சங்கத் தலைவர் மெர்வின் ஸ்டக்கியின் வம்சம். எபனேசரின் நாற்பது பன்றிகளை 1849இல் ஓநாய்கள் தின்றன என்றும், அவர் கோடரியோடு அவற்றை எதிர்த்து நின்றார் என்றும் மெர்வின் புத்தகமே போட்டிருக்கிறார். சங்க முத்திரையிலும் ஓநாய்தான்.

டார்லீன் இரண்டு நகல் எடுத்தார். அசகேலின் வரி மட்டும் இருந்ததை மெர்வினிடம் நீட்டினார். இன்னொன்று கைப்பைக்குள் கிடந்தது.

மெர்வின் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "இது செல்லாது டார்லீன். வழிப்போக்கன்கூட வந்து குறி பதிஞ்சுட்டுப் போயிருக்கலாம். குடியிருந்தான்னு எங்க இருக்கு? விடுங்க, உங்க ஆப்பிள் பை இல்லாம எங்க விருந்து ஏது!"

அந்தக் கடைசி வாக்கியம்தான் காரியத்தைக் கெடுத்தது. டார்லீன் கைப்பையைத் திறந்து, முழுப் பக்கத்தையும் மேஜைமேல் வைத்தார்.

மெர்வினின் காது மடல் மெதுவாகச் சிவந்தது. "என்னது இது... எங்க பன்னியெல்லாம்..."

"ஓநாய் தின்னுச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஓநாயாவது மண்ணாவது! உங்க ஆளு திருடியிருக்கான்!"

"வழிப்போக்கன் எப்படித் திருடுவான் மெர்வின்? காட்டுல மேயற நாப்பது பன்னிய ஒவ்வொண்ணாப் புடிச்சு வெட்டணும்."

"வழிப்போக்கனா? வேலிக்கு அந்தாண்டையே குடியிருந்துக்கிட்டு, வருஷம் பூரா நோட்டம் பார்த்திருக்கான் திருட்டுப் பய!"

"எந்த வருஷம்?"

"நாப்பத்தொம்பது! இதோ இருக்கே!" என்று கத்திய பிறகுதான் மெர்வினுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. ஓநாய்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று சிறிது நேரம் யோசித்தார். வம்சத்தின் வீரமா, வம்சத்தின் பன்றிகளா? பன்றிகள் பக்கம்தான் ரத்தம் கொதித்தது. விண்ணப்பத்தில், "குடியிருப்பு நிரூபணம்" என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கினார்.

செப்டம்பரில் டார்லீன் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று ஆப்பிள் பை சுட்டது வேறு யாரோ, அடி வேகவில்லை. வழக்கப்படி ஒவ்வொரு குடும்பமும் எழுந்து தன் முன்னோரைப் பற்றி ஒரு வரி சொன்னது. டார்லீன் முறை வந்தது.

"அசகேல் ப்ரூயிட், 1849. பன்னி வளர்த்தாரு. அதுல சிலது அவரோடது."

தலைவர் என்ற முறையில் கைதட்டலை மெர்வின்தான் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது.