பொன்னி, காக்கா, நரி

ஐயம்பேட்டையில் மோட்டார் பழுது பார்க்கும் யேசுதாஸுக்குக் குரல் ஒன்றுதான் சொத்து. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். அந்தத் தைரியத்தில், நூலகத்து வாசகர் வட்டத்தில் ஒரு நாவலை வாரம் ஒரு அத்தியாயமாக வாசித்துக் காட்டுகிறேன் என்று தானாகவே போய்த் தலையைக் கொடுத்தார்.

நாவலில் பொன்னி என்றொரு பண்ணையடிமை. பண்ணையாருக்குத் தூக்கம் வரும்வரை அவள் கதை சொல்ல வேண்டும். அவள் கதைக்குள் ஒரு காக்கா கதை சொல்லும். காக்காவின் கதைக்குள் ஒரு நரி கதை சொல்லும். பொன்னி எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. ஆகவே அவள் வயிற்றெரிச்சலையெல்லாம் நரி பேசும். யேசுதாஸின் பாட்டனாரும் பண்ணையில் கிடந்தவர். அந்தப் புத்தகம் என்றால் அவருக்கு உயிர்.

ஆனால் சத்தமாக வாசிப்பது என்றாலே அவர் வாயில் வேதாகமத் தமிழ்தான் வரும். "இன்னாத்த துன்னுவேன்" என்று அச்சில் இருந்தால் "எதைப் புசிப்பேன்" என்று திருத்திவிடுவார். கொச்சையாக வாசித்தால் பொன்னிக்கு மரியாதைக் குறைவாம். பொன்னி, பண்ணையார், காக்கா, நரி எல்லாரும் ஒரே பாதிரியார் மாதிரிப் பேசினார்கள். மூன்றாம் வாரம் குறட்டை கேட்டது. அத்தியாயம் முடிந்ததும் யாரோ தூக்கக் கலக்கத்தில் "ஆமென்" என்றார்கள்.

வட்டத்தின் தலைவர் தணிகாசலம், நிலபுலம் உள்ளவர், டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார். "யாரு பேசறாங்கன்னே தெரியலப்பா. அடுத்த வாரத்தோட இத நிறுத்திட்டு ஜோக்கு புக்கு எதனா படிக்கலாம்."

யேசுதாஸின் பாட்டனார் கிடந்தது தணிகாசலம் குடும்பத்துப் பண்ணையில்தான். அந்தக் குடும்பத்தாரை எதிர்த்துப் பேசி அவர் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்து மனைவி வடிவிடம் புலம்பினார்.

வடிவு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "எங்கம்மா பேசற மாதிரியே கீது. இத ஏன் மாத்திக்கினு கீற? அப்படியே படி."

அடுத்த வாரம் அப்படியே படித்தார். காக்காவுக்கு மூக்கால் பேசினார். நரிக்கு, சண்டையில் வடிவு பேசும் குரல். கூடம் விழித்துக்கொண்டது. தணிகாசலம் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நரி பண்ணையாரைத் திட்டித் தீர்த்தது. தீர்த்த பிறகும் அது ஓயவில்லை.

"இன்னாய்யா தலைவரே, பாதிக் கதையில நிறுத்திட்டு ஜோக்கு புக்கு கேக்கறியே, உனுக்கு வெக்கமா இல்ல?"

சிரிப்பு நின்றது. தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது புக்குல இருக்குதாப்பா?"

யேசுதாஸ் புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. பொன்னி சொல்ற கதையில காக்கா சொல்ற கதையில நரி சொல்லுது."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அப்ப அந்த நரிகிட்டயே சொல்லுப்பா. அடுத்த வாரமும் வரணும்னு."