ஹந்தானைக் கோபுரம் ஒன்றுதான்: மாறுகண்ணோடு கண்டிக்குப் போய் வந்த கதை

கண்டிப் பயணம் என்றால் வாவிப் படமும் பெரஹெரா யானைப் படமும் எதிர்பார்ப்பீர்கள். இந்தப் பதிவில் இரண்டும் இல்லை. நான் போனது கண் ஆபரேஷனுக்கு. பெரியவர்களுக்கும் மாறுகண்ணைச் சரிசெய்யலாம் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரியவந்தது. அது தெரியாமல் வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே என் இடது கண் வெளிப்பக்கமாக ஓடும். "மாறுகண்ணு அதிர்ஷ்டம், அதுல கை வைக்கக் கூடாது" என்று சொல்லி வீட்டில் யாரும் டொக்டரிடம் காட்டவில்லை. அந்த அதிர்ஷ்டம் எந்த பஸ்ஸில் வருகிறதோ, இன்னும் வந்து சேரவில்லை! நான் யாரிடம் பேசினாலும் அவர்கள் திரும்பித் தங்களுக்குப் பின்னால் பார்ப்பார்கள், அங்கே நிற்கும் யாரிடமோ பேசுகிறேன் என்று. அதைக்கூடப் பழகிக்கொண்டேன். போன வருடம் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியதும்தான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஹட்டனில் தையல் கடை வைத்திருப்பவள் நான். ஊசியே இரண்டாகத் தெரிந்தால் எதில் நூல் கோர்ப்பது? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நாளைக்குத் துணி வெட்டுவது?

ஹட்டனிலிருந்து கண்டி எழுபது கிலோமீட்டர் அளவில் வரும். அதிகாலை பஸ்ஸில் ஏறினால் மூன்று மணி நேரம். கினிகத்தேனை வளைவுகளில் வயிறு புரளும் ஆட்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். நானும் வீட்டுக்காரரும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கே நின்ற முஸ்லிம் ஆட்டோக்கார அண்ணனிடம், "நானா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வழக்கம்தான். வீட்டுக்காரர் அதே கேள்வியைக் கேட்ட பிறகுதான் ஏற்றிக்கொண்டார்.

முக்கியமான தகவல் ஒன்று: மாறுகண்ணுக்குப் பெரியவர்களும் குழந்தைகள் கண் பிரிவுக்குத்தான் போக வேண்டும். எனக்கு அது தெரியாது. சுவரெல்லாம் முயலும் யானையும். முழங்கால் உயரக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து, "பபா கோ?" என்று சிங்களத்தில் பிள்ளையைத் தேடினார். "மம தமய் பபா" என்றேன், நான்தான் பிள்ளை என்று. அந்த வரிசையே சிரித்தது.

சோதித்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் கண் முன்னே பிடித்துப் பொறுமையாக அளந்தார். பயிற்சியில் இருக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் என் காதைக் கடித்தார். "படிக்கிற புள்ளகிட்டயா கண்ணக் குடுக்கப் போற?" எனக்கும் பக்கென்றது. தையல் பழக வரும் பிள்ளைகள் கையில் கல்யாண ஜாக்கெட்டை நானே கொடுக்க மாட்டேனே! மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓம் அக்கா, பயம் வரத்தானே செய்யும். நான் கண் டொக்டராகிக் கன வருசம். இப்ப சின்னப் பிள்ளையளின்ர கண்ணுக்கும் பெரியாக்களின்ர மாறுகண்ணுக்கும் எண்டு மேல்பயிற்சி செய்யிறன். பெரிய டொக்டரும் பக்கத்தில நிப்பார்" என்றார். பிறகு செய்முறையைச் சொன்னார். கண் தசையை நகர்த்தித் தைப்பார்களாம். நூலை அன்றே இறுக்கிக் கட்டாமல் விட்டுவைத்து, மறுநாள் நான் விழித்திருக்கும்போது பார்வையைப் பார்த்து, இழுத்தோ தளர்த்தியோ கட்டுவார்களாம்.

அட, இது நம்ம வேலை! ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பார்த்துவிட்டுத்தானே மிஷினில் அடிப்போம். பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

மீதிப் பயம் ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் வந்தது. கட்டை அவிழ்த்ததும் டொக்டர் விரலைக் காட்டினார். இரண்டு விரல். கடை போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் மருந்துத் துளி விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்து, நூலைக் கொஞ்சம் தளர்த்தினார். வலி இல்லை, ஏதோ இழுபடுகிற மாதிரி மட்டும் இருந்தது. விரல் ஒன்றானது. "கட்டிடுங்க டொக்டர், கட்டிடுங்க!" என்று அவசரப்படுத்தினேன்.

"பொறுங்கோ அக்கா. கிட்டப் பாக்கேக்க சரி, தூரம் பாக்க வேணும். அந்த யன்னலடிக்கு நடந்து போய், ஹந்தானை மலை உச்சியில இருக்கிற அன்டெனா கோபுரம் எத்தினை எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் முடிச்சு."

வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஹந்தானை மலை மேல் மூடுபனி. கோபுரத்தைக் காணவே இல்லை! டொக்டர் அவசரப்படாமல் என் பக்கத்திலேயே வந்து நின்றார். பெரிய டொக்டரும் வந்து நின்றார். எல்லோருமாகப் பனி விலகக் காத்திருந்தோம். விலகியது. ஒரு கோபுரம். கண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தேன், ஒன்றுதான். வாய்விட்டு அழுதேன். "அழாதீங்கோ அக்கா, நான் இன்னும் கட்டேல்ல" என்று சிரித்த டொக்டரின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. முடிச்சுப் போடும் நாளில் கூட ஒருவர் இருக்கட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதையெல்லாம் டொக்டர் சொல்லும்வரை ஒத்திப்போடுங்கள். கண் சில வாரம் சிவந்திருக்கும், பயப்படாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கண் ஓடினால் அதிர்ஷ்டம் என்று கொஞ்சிக்கொண்டிருக்காமல் இப்போதே காட்டுங்கள். அந்தச் சின்னக் கதிரையில் பிள்ளை உட்காருவதுதான் அழகு.

வீடு திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. வீட்டுக்காரர் மருந்துப் பையோடு பின்தங்கியிருந்தார். "நானா, குட்ஷெட் போவமா?" என்றேன்.

"வாங்க, ஏறுங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து.

யாரைச் சொல்கிறார் என்று நான்தான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.