பின்னறைக்கு மேல்

சீலிங்குக்கு மேலே ஏறக்கூடிய உடம்பு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அத்தானின் வயிறு சீலிங்கில் வெட்டியிருந்த ஓட்டைக்குள் நுழையாது. என்னுடைய மனுசனுக்கு உயரம் என்றாலே தலைசுற்றும். அக்காவோ ஏணியைப் பிடிப்பதற்கே கைவலி சொல்லுகிறவள். எண்பதுகளின் நடுவில், ஏவன்டேலில், என் கூடப்பிறந்த அக்காவின் பழைய பலகை வீட்டில், பின்னறையில் நானும் மனுசனும் பிள்ளையுமாக மூன்று பேர் ஒண்டிக்கொண்டிருந்த காலம் அது.

முதல் குளிர்காலமே எங்களை உரித்துவிட்டது. சுவரில் தண்ணீர் வடியும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இருமி இருமி நெஞ்சு இழுத்தது. யன்னல் இடுக்குகளில் பேப்பரைச் சுருட்டி அடைத்தேன், கதவுக்கடியில் பழைய சேலையைத் திணித்தேன். ஒன்றும் சரிவரவில்லை. சூடெல்லாம் கூரை வழியாகப் போகிறது, மேலே கண்ணாடிப் பஞ்சு போட்டால் பிள்ளைக்குச் சுகம் என்றார் அத்தான். பிள்ளைக்கு என்றதும் ஏறிவிட்டேன்.

அந்தப் பஞ்சைத் தொட்டவர்களுக்குத்தான் அதன் அரிப்புத் தெரியும். மூக்கில் துவாயைக் கட்டி, மரச்சட்டங்களில் மட்டும் கால்வைத்து, குனிந்தபடியே இரண்டு நாள். மற்ற அறைகள் முடிந்து, பின்னறை மட்டும் மிச்சம். அப்போது கீழே குசினியில், அடுப்படியில் நின்று, அக்கா அத்தானுடன் கதைப்பது கேட்டது. அத்தானின் தம்பி கொழும்பிலிருந்து வரப்போகிறாராம். பின்னறை அவருக்காம். நாங்கள் வேறு இடம் பார்க்கவேண்டுமாம்.

“இந்த வேலை முடியட்டும், பிறகு சொல்லுவம்,” என்றாள் அக்கா. “இப்ப சொன்னா இடையில விட்டிட்டு இறங்கிடுவாள்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடா தம்பி, வந்து விறைத்துச் சா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, மிச்சப் பஞ்சை அப்படியே கக்கூசுக்கு மேல் இரட்டை மடங்காகப் பரப்பினேன். பின்னறைக்கு மேல் ஒரு துண்டுகூட வைக்கவில்லை. இறங்கிவந்து, எல்லாம் முடிந்தது என்றேன். அக்கா தேத்தண்ணி தந்தாள். வாங்கிக் குடித்தேன்.

அத்தானின் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. அக்கா எங்களைப் போகச் சொல்லவேயில்லை. அடுத்த ஜூன் பிறந்தது; அந்த நாட்டில் குளிர் தொடங்குவது ஜூனில்தான். பக்கத்து அறையில் அக்காவின் பிள்ளைகள் பெனியனோடு படுத்தார்கள். எங்கள் அறையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. திரும்ப ஏறியிருக்கலாம். ஏணியைக் கேட்டால் ஏன் என்பார்கள், அதற்கு என்ன சொல்ல? பிள்ளையைத் தங்கள் அறையில் கொஞ்ச நாள் படுக்க விடச்சொல்லி அக்கா கேட்டாள். எங்கள் அறையும் சூடாகத்தான் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீம்பு. என்னைப் போல ஒரு மூதேவி எந்தப் பிள்ளைக்கும் தாயாக வாய்க்கக்கூடாது.

ஓகஸ்டில் மூச்சுத் திணறிய பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தச் சின்ன விலாவெலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக் கூரையில் பஞ்சு போட்டிருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டு, முழு வீட்டுக்கும் இருக்கிறது, பிள்ளையின் தாயே ஏறி ஒரு இடம் விடாமல் போட்டவள் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.