ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க எங்கள் உதைபந்தாட்ட அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மொன்றியல் ஞாயிறு லீக்கின் ஆகக் கீழான பிரிவில் நாங்கள் ஆகக் கடைசி. ஒரே ஓர் ஆட்டம் மட்டும் சமநிலையில் முடிந்தது. அதுவும் எதிரணிக் காப்பாளர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டதால். நான்தான் எங்கள் கோல் கீப்பர். அந்தக் கோடையில் என்னைத் தாண்டிப் போன பந்துகளை நான் எண்ணவில்லை. மற்றவர்கள் எண்ணினார்கள்.

அணியைத் தொடங்கியவர் எங்கள் தலைவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். துறைமுகத்தில் கொள்கலன்களைக் கட்டி அவிழ்க்கிற வேலை அவருக்கு. ஊரில் பெயர்பெற்ற ஒரு கழகத்துக்குப் பின்வரிசையில் ஆடியவர். நாற்பதை நெருங்கிவிட்டார், ஆனால் எதிரில் யார் ஓடி வந்தாலும் ஒதுங்கமாட்டார். மற்ற நாங்கள் சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை செய்தவர்கள். நான் போத்தல் மூடி செய்யும் இடத்தில் நின்றேன். உயரமாக இருக்கிறேன் என்பதற்காகவே என்னைக் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள்.

சட்டைகளைத் தைத்தவள் என் மனைவி. அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் பெண்களுக்கான நீச்சலுடைக்கு வந்த துணி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பளபளக்கிற இளஞ்சிவப்பு. மேற்பார்வையாளர் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதல் ஆட்டத்துக்கு அந்தச் சட்டையோடு இறங்கியபோது எதிரணியினர் விசிலடித்தார்கள். பிறகு ஒன்பது கோல் போட்டார்கள். வீட்டுக்கு வந்து நிறத்தை மாற்ற முடியாதா என்று கேட்டேன். சட்டை எந்த நிறத்தில் இருந்தாலும் பந்தை நான்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் அதைத் துவைக்கப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பொறியாளர், இந்த நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். பூங்காவில் நாங்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஒருநாள் நட்பு ஆட்டமொன்றில் நடுவரோடு எங்களுக்காகப் பிரெஞ்சில் வாதாடினார். அன்றிலிருந்து அவர்தான் எங்கள் முகாமையாளர். அவர் ஊரில் 'சார்' என்பதை எங்கள் வழக்கில் 'சேர்' என்று சொல்லி அவரைக் கூப்பிட்டோம். மைதானத்துக்கும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவார். வசந்தத்தில் அணியைப் பதிந்தபோது ஆள் போதாமல் அவரையும் ஆட்டக்காரராகப் பதிந்துவிட்டோம். அவருக்கு ஐம்பது வயது, முன்னால் தள்ளிய வயிறு. அதைப் பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எங்களை எதிரணிகள் பாதி வீழ்த்தின என்றால், மீதியை ரொறன்ரோ வீழ்த்தியது. அங்கே வேலை இருக்கிறது, பிரெஞ்சு தேவையில்லை, தமிழ்க்கடைகள் தெருவுக்குத் தெரு என்று ஒவ்வொருவராகப் போனார்கள். ஜூனில் எங்கள் இடதுபக்க ஆள் போனார். ஜூலையில் ஊரில் ஒன்றாக விளையாடிய இரண்டு சகோதரர்கள் ஒரே வான் வண்டியில் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை வரும். பதினொரு பேர் சேர்ந்து நின்ற நாள் ஓகஸ்டுக்குப் பிறகு இல்லை. ஒன்பது பேரோடு, எட்டுப் பேரோடு ஆடினோம். ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு என்பது லீக்கின் விதி. அதற்குக் குறைந்தால் எதிரணிக்கு மூன்றுக்குப் பூச்சியம் என்று வெற்றி எழுதிவிடுவார்கள்.

செப்டெம்பரில் லீக் குழு எங்களை அழைத்தது. அண்ணையும் சேரும் நானும் போனோம். குழுத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். நகரத்தின் மறுமுனையிலிருந்து வரும் அணிகள் எட்டுப் பேரே உள்ள அணியோடு ஆடுவதை விரும்பவில்லை, நீங்களாக விலகினால் யாருக்கும் மனத்தாங்கல் இராது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். சேர் மொழிபெயர்த்துவிட்டுத் தன் கருத்தையும் சேர்த்தார்.

"அவர் சொல்றதுல தப்பு இல்ல தம்பி. கௌரவமா விலகிடலாம். வாரா வாரம் இந்த அவமானம் எதுக்கு?"

அண்ணை குழுத் தலைவரைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்.

"தோத்தால் கடைசியாய் வருவம். கடைசி எண்டதும் ஒரு இடம்தானே சேர். நாங்கள் விலகேல்லை எண்டு சொல்லுங்கோ."

சேர் தயங்கினார். பிறகு சொன்னார். குழுத் தலைவர் தோளைக் குலுக்கினார்.

வெளியே வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சேரின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. அன்று வீட்டில் அதைச் சொன்னேன். என் மனைவி சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களை ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று கேட்காத மேசை இல்லை என்றாள். அதற்கெல்லாம் பதில் சொல்லி இருந்துவிட்டோம், இப்போது ஒரு பந்துக்காக எழும்பிப் போவதா என்று கேட்டாள்.

கடைசி ஆட்டம் ஒக்டோபர் முடிவில். கியூபெக் மாகாணம் நாட்டிலிருந்து பிரிவதா இருப்பதா என்ற வாக்கெடுப்புக்கு விளக்குக் கம்பம் எங்கும் 'ஓம்' என்றும் 'இல்லை' என்றும் தட்டிகள் தொங்கிய வாரம். காலையிலிருந்து குளிர்மழை. எங்களோடு ஆட வேண்டியது ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அணி. அவர்கள் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் பிரிவின் கிண்ணம் அவர்களுக்கு. இல்லாவிட்டால் முந்தைய வாரமே தன் ஆட்டங்களை முடித்துவிட்ட இன்னோர் அணிக்கு. அந்த அணியின் ஆட்கள் சிலர் குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்கள்.

நாங்கள் ஏழு பேர். எங்களை எண்ணிப் பார்த்த ஒப்பந்தக்காரர் நேராகச் சேரிடம் வந்தார். இந்த மழையில் ஏன் நனைய வேண்டும், ஆள் போதவில்லை என்று நடுவரிடம் சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் சூடான சாப்பாடு என் செலவு என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. எங்களுக்கு உதவி செய்வதாகவே அவர் நினைத்தார்போல. சேர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மொழிபெயர்க்காமல் தானாகவே பிரெஞ்சில் பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று அண்ணை கேட்டார்.

"நாங்க சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்னு சொன்னேன்."

நாங்கள் ஏழு பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் சுவர்போல நின்றோம். முன்னால் போக யாரும் முயலவில்லை. பந்து வந்தால் ஓங்கி வெளியே அடிப்பது, அவர்கள் எடுத்து வர நேரம் எடுப்பது, திரும்ப நிற்பது. பந்து இரண்டு தடவை என் முகத்தில் பட்டுப் போனது. முதற்பாதியில் ஒன்று விட்டேன். இடைவேளைக்குப் பிறகு ஒன்று. சேற்றில் எங்கள் இளஞ்சிவப்புத் தெரியவே இல்லை. வேலியோரக் குடைக்காரர்கள் எங்களுக்காகக் கத்தத் தொடங்கினார்கள். அந்த வருடம் முழுவதும் எங்களுக்காகக் கேட்ட முதல் சத்தம் அது.

முடிய இருபது நிமிடம் இருக்கும்போது எங்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. நிற்க முடியவில்லை. ஆறு பேரானால் ஆட்டம் நின்றுவிடும், மூன்றுக்குப் பூச்சியம் என்று எழுதிவிடுவார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணை சேரைப் பார்த்தார். சேர் எங்களைப் பார்க்காமல் கழுத்துப்பட்டியைக் கழற்றி மழைக்கோட்டுப் பைக்குள் வைத்தார். விழுந்தவரின் சட்டையையும் சப்பாத்தையும் வாங்கி மாட்டினார். அவருடைய வயிற்றின் மேல் அந்தச் சட்டை படாதபாடு பட்டது. நடுவர் பதிவைச் சரிபார்த்து உள்ளே விட்டார்.

"எங்க நிக்கணும்?" என்று கேட்டார்.

"என்ரை பக்கத்திலை," என்றார் அண்ணை.

அவர் நின்றார். பெரும்பாலும் நின்றதுதான். ஆனால் ஒரு பந்து அவரைத் தாண்ட முயன்றபோது பயத்தில் இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டார். எங்கள் எல்லைக்குள். பெனல்டி.

அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அண்ணை அவர் முதுகில் தட்டினார். நான் கோட்டில் நின்றேன். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. எதிரணிக்காரர் ஓடி வந்தார். நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து இடப்பக்கம் போனது. சேற்றுக்குள் முகம் புதைந்து கிடந்தபோது கம்பத்தில் பந்து மோதிய சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அண்ணை அதை வேலிக்கு மேலால் தெருவுக்கு அடித்துவிட்டிருந்தார். ஒரு பேருந்து அதற்காக நின்றது.

இரண்டுக்குப் பூச்சியம். தோற்றோம். கிண்ணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குடைக்காரர்கள் வேலியைத் தாண்டி வந்து சேரைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒப்பந்தக்காரர் கைகொடுக்காமல் காருக்குப் போனார். பாதி வழியில் திரும்பி வந்து அண்ணைக்கு மட்டும் கைகொடுத்தார். அண்ணை பிரெஞ்சில் தனக்குத் தெரிந்த இரண்டொரு வார்த்தையில் அடுத்த வருடமும் வருவோம் என்றார். குழுவிலிருந்து வந்திருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம் எங்கள் சின்ன வீட்டில் எல்லோரும் ஈரத்தோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். தோற்றவர்கள் இப்படிச் சிரிப்பதைத் தான் பார்த்ததே இல்லை என்றாள் என் மனைவி. சேர் அன்று முதல் தடவையாகத் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

அந்தக் கதை தொழிற்சாலைகளிலும் கோயிலிலும் எப்படியோ பரவியது. பனிக்காலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி வைத்தோம். முன்பு எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் வந்தார்கள். ஆற்றுக்கு அப்பால் லவாலிலிருந்து மூன்று பேர் பேருந்து மாறி மாறி வந்தார்கள். ரொறன்ரோவுக்குப் போன சகோதரர்களில் ஒருவர் அங்கே பிடிக்கவில்லை என்று திரும்பியிருந்தார். மே மாதம் முதல் ஆட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்து நின்றார்கள். இவர்களில் யாரை வெளியே இருத்துவது என்று சேருக்குத் தெரியவில்லை. கடைசியில் வயதைச் சொல்லி அண்ணையை மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்.

"நான் இல்லாமல் எப்பிடி விளையாடப் போறியள் எண்டு பாப்பம்," என்று சொல்லிவிட்டு அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஆட்டம் முடியும்வரை சப்பாத்தைக் கழற்றவே இல்லை.